நிற்கத் தெரிந்த மடக்கு

2008ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், அமெரிக்காவில் ஒரே வகையான இசைக்கருவிகள் ஒருசேர உறைந்துபோயின. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2006ஆம் ஆண்டின் இறுதியில் ‘ஸூன்’ என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த, 30 ஜிகாபைட் கொள்ளளவுள்ள கையடக்கக் கருவி அது. இயக்கியவுடன் தோன்றும் முதற்படத்தோடு திரை நின்றுவிட்டது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பயனில்லை. கருவி கீழே விழவில்லை, நீரில் நனையவில்லை, முதல்நாள் வரை பாடிக்கொண்டிருந்தது. நிறுவனம் கூறிய தீர்வு வியப்பூட்டுவது: மின்கலம் முழுவதும் தீரும் வரை கருவியை அப்படியே விட்டுவிட வேண்டும், கிரீன்விச் நேரப்படி ஜனவரி 1ஆம் நாள் நண்பகலுக்குப் பின்னர் மீண்டும் மின்னேற்ற வேண்டும். அவ்வாறு செய்ததும், பழுதே நேராததுபோலக் கருவிகள் பாடத் தொடங்கின.

பழுது மின்சுற்றில் இல்லை. நாள்கணக்கைப் பார்க்கும் நிரலில், ஏறத்தாழப் பத்து வரிகள் கொண்ட ஒரு சிறு பகுதியில் இருந்தது. அவ்வரிகள் ஒரு மடக்கு. இரண்டு ஆண்டுகள் பிழையின்றி இயங்கிய அம்மடக்குக்கு அந்த ஒருநாள் மட்டும் நிற்கத் தெரியவில்லை. நிரலெழுதக் கற்கும் ஒருவர் முதல் மாதத்திலேயே செய்யக்கூடிய பிழைதான் அது. அதனை விளங்கிக்கொள்ள, மடக்கு எவ்வாறு சுழல்கிறது, எவ்விடத்தில் நிற்கிறது என்பவற்றை முதலில் அறிய வேண்டும்.

மடக்கு என்னும் சொல்

கணினி தனக்கு இடப்பட்ட கட்டளைகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் செய்யும். ஒரு வகுப்பில் உள்ள 40 மாணவரின் மதிப்பெண்களைக் கூட்ட வேண்டுமெனில் ‘கூட்டு’ என்னும் கட்டளையை 40 முறை எழுதலாம். 40 இலட்சம் பேருக்கு அவ்வாறு எழுத இயலாது. ஒரே கட்டளைத் தொகுதியை ஒருமுறை மட்டும் எழுதி, அதனையே மீண்டும் மீண்டும் செய்யப் பணிப்பதற்கு மடக்கு என்று பெயர். தொகுதி ஒருமுறை நிறைவேறுவது ஒரு சுற்று.

இவ்வெண்ணம் மின்னணுக் கணினிக்கும் முற்பட்டது. சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த, ஆனால் முழுமையாகக் கட்டிமுடிக்கப்படாத பகுப்பாய்வுப் பொறியைப் பற்றி 1843ஆம் ஆண்டு அடா லவ்லேஸ் எழுதிய குறிப்புகளில், பெர்னோலி எண்களைக் கணக்கிடும் முறை விளக்கப்பட்டுள்ளது. ஒரு செயல்தொகுதியை மீண்டும் மீண்டும் செய்வித்தே அவ்வெண்களைப் பெற முடியும் என்பதை அவர் அங்குக் காட்டினார். எந்திரமே இல்லாத காலத்தில் மடக்கு எழுதப்பட்டுவிட்டது.

தமிழ் பயிலும் மாணவர்க்கு ‘மடக்கு’ புதிய சொல்லன்று. தண்டியலங்காரம் சொல்லணியியலில் விளக்கும் அணி அது. ஒரே எழுத்துத் தொடர் மீண்டும் மீண்டும் வந்து, வரும்தோறும் வேறு பொருள் தருவது மடக்கணி. நிரலின் மடக்கிற்கும் இவ்விலக்கணம் பொருந்துவது தற்செயலான அழகு. ‘கூட்டுத்தொகையோடு அடுத்த எண்ணைச் சேர்’ என்னும் வரி 40 முறையும் எழுத்து மாறாமல் வருகிறது. ஆனால், கூட்டுத்தொகையும் அடுத்த எண்ணும் ஒவ்வொரு சுற்றிலும் வேறாக இருக்கின்றன. வரி ஒன்று, அது தரும் பொருள் வேறு. சுற்றுக்குச் சுற்று எதுவுமே மாறவில்லை எனில் அது அணியும் ஆகாது; நல்ல மடக்கும் ஆகாது.

தொட்டியும் குடமும்

100 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று காலியாக உள்ளது. அருகில் 15 லிட்டர் குடம். ‘தொட்டி நிரம்பும் வரை நீர் ஊற்று’ என்று ஒருவரிடம் கூறினால் போதும். அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே ஊற்றுவார். விளிம்பைத் தொட்டதும் குடத்தைச் சாய்ப்பதை நிறுத்துவார். அக்கட்டளையையே கணினிக்கு இவ்வாறு எழுதலாம்:

நீர் = 0
நீர் < 100 ஆக இருக்கும் வரை:
  நீர் = நீர் + 15

இம்மடக்கு முடிந்தபின் ‘நீர்’ என்னும் மாறியின் மதிப்பு என்ன? தொடக்கநிலை மாணவர் பலர் 100 என்று விடையளிப்பர். சரியான விடை 105. ஆறாம் சுற்றின் முடிவில் மதிப்பு 90. அது 100ஐவிடக் குறைவு; ஆகவே ஏழாம் சுற்று நிகழ்கிறது; மதிப்பு 105 ஆகிறது. அதன்பின்னரே நிபந்தனை மறுபடியும் பார்க்கப்படுகிறது, மடக்கு நிற்கிறது. ஐந்து லிட்டர் தரையில் வழிந்துவிட்டது.

‘வரை’ என்னும் சொல்லைக் கேட்டதும் மனித மனம் இடைவிடாத ஒரு கண்காணிப்பைக் கற்பனை செய்துகொள்கிறது. கணினியிடம் அக்கண்காணிப்பு இல்லை. நிபந்தனை ஒவ்வொரு சுற்றின் வாயிலிலும் ஒருமுறை மட்டுமே சோதிக்கப்படுகிறது. சுற்றின் நடுவில் அது பொய்யாகிவிட்டாலும், எஞ்சிய வரிகள் முழுவதும் நிறைவேறிய பின்னரே கணினிக்கு அது தெரியவரும். மடக்குகளைப் பற்றிய குழப்பங்களுள் பெரும்பகுதி இந்த ஒரு செய்தியை அறியாமையால் எழுவது. ஐந்து நிமிடம் ஒதுக்கி, தாளில் கட்டம் வரைந்து, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் மாறியின் மதிப்பை எழுதிப் பார்க்கும் மாணவருக்கு இக்குழப்பம் நீங்கிவிடும்.

நிபந்தனையில் ஒரு குறியை மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். ‘நீர் 100க்குச் சமமாக இல்லாத வரை ஊற்று’ என்று எழுதியதாகக் கொள்வோம். 90க்குப் பின் 105, அதன்பின் 120, 135. மதிப்பு ஒருபோதும் சரியாக 100 ஆவதில்லை. தொட்டி, வீடு, ஊர் அனைத்தும் மூழ்கினாலும் கணினி ஊற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு முடிவிலா மடக்கு என்று பெயர்.

குடம் 10 லிட்டராக இருந்தால் பிழை வெளிப்படாது என்பது கவனிக்கத்தக்கது. 100இல் சரியாக நின்றுவிடும். பின்னங்களோடு புழங்கும்போது அந்நம்பிக்கையும் பொய்க்கும். பைத்தான் மொழியில் 0இலிருந்து தொடங்கிப் பத்து முறை 0.1ஐக் கூட்டினால் 1 கிடைப்பதில்லை, 0.9999999999999999 கிடைக்கிறது. இரும எண்முறையில் 0.1ஐத் துல்லியமாக எழுத இயலாமையே காரணம். ஆகவே ‘1க்குச் சமமாகும் வரை’ என்று காத்திருக்கும் மடக்கு என்றென்றும் காத்திருக்கும். எல்லையைத் தொடுவதை எதிர்பார்க்காமல், எல்லையைக் கடப்பதைச் சோதிப்பதே பாதுகாப்பானது.

முடிவிலா மடக்குகள் யாவும் பிழை அல்ல என்பதையும் இங்கே கூறிவிட வேண்டும். சாலைச் சந்தியின் விளக்குகளை மாற்றும் நிரலும், பணம் வழங்கும் எந்திரத்தின் நிரலும் வேண்டுமென்றே முடிவில்லாமல் சுழல்பவை. நிற்க வேண்டிய மடக்கு நிற்காமல் போவதுதான் குற்றம்.

நடுவில் நிறுத்துதல்

சில வேலைகளில் நிபந்தனை பொய்யாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை; விடை முன்னதாகவே கிடைத்துவிடும். 391 பகா எண்ணா என்று அறிய 2, 3, 4 என ஒவ்வோர் எண்ணாலும் வகுத்துப் பார்க்கும் மடக்கை எண்ணுக. 17ஆல் வகுக்கும்போது மீதி இல்லை; 17 × 23 = 391. இது பகா எண் அன்று என்பது அக்கணமே உறுதியாகிவிட்டது. ஆனால், மடக்குக்கு அது தெரியாது. 390 வரை வகுத்துக்கொண்டே செல்லும். 16 சுற்றுகளில் முடிய வேண்டிய வேலைக்கு 389 சுற்றுகள். இவ்விடத்தில்தான் ‘பிரேக்’ என்னும் கூற்று பயன்படுகிறது. கணினி அக்கூற்றைச் சந்தித்ததும் சுற்றின் எஞ்சிய வரிகளையும், இனி வரவேண்டிய சுற்றுகளையும் விட்டுவிட்டு, மடக்குக்கு அடுத்த வரிக்குச் சென்றுவிடும்.

397 பகா எண். அதனை எந்த எண்ணும் வகுக்காது. எனவே மேற்கூறிய நிறுத்தம் நிகழவே நிகழாது. 395 சுற்றுகளும் ஓடும். இங்கு வேறொரு காரணம் கொண்டு நிறுத்தலாம். ஓர் எண்ணுக்கு இரு காரணிகள் இருப்பின் அவற்றுள் சிறியது அவ்வெண்ணின் வர்க்கமூலத்தை மிஞ்சாது. 20இன் வர்க்கம் 400. அது 397ஐ மிஞ்சிவிடுகிறது. ஆகவே 19 வரை சோதித்தால் போதும், 18 சுற்றுகள். இந்நிறுத்தத்தைக் கணினி தானே கண்டுபிடிக்காது. கணக்கு அறிந்த நிரலர் எழுதித் தர வேண்டும்.

எல்லா வினாக்களுக்கும் நடுவில் நிற்றல் தகுமா? வருகைப்பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். ‘இன்று ஒருவரேனும் வராமல் இருக்கிறாரா?’ என்பது வினாவெனில், வராத முதல் மாணவரின் பெயரைக் கண்டதும் நிறுத்தலாம். ‘எத்தனை பேர் வரவில்லை?’ என்பது வினாவெனில், நிறுத்தவே கூடாது; கடைசிப் பெயர் வரை பார்த்தாக வேண்டும். ‘அனைவரும் வந்துள்ளனரா?’ என்பது மூன்றாம் வகை. வராத ஒருவரைக் கண்டால் ‘இல்லை’ என்று கூறி உடனே நிறுத்தலாம். ஆனால், வந்த ஒருவரைக் கண்டதும் ‘ஆம்’ என்று கூறி நிறுத்த இயலாது. ‘ஆம்’ என்பதற்குப் பதிவேடு முழுவதும் தேவை.

தொடக்கநிலையினர் தடுமாறுவது பெரும்பாலும் இம்மூன்றாம் வகையில்தான். முதற்பெயரைப் பார்த்து, வந்திருந்தால் ‘அனைவரும் வந்தனர்’ என்று அச்சிட்டு நிறுத்திவிடும் நிரல்களை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். வேறு சிலர், ஒவ்வொரு சுற்றிலும் ‘பெயர் கிடைக்கவில்லை’ என்று அச்சிட்டுக்கொண்டே போய், 39 முறை மறுத்தபின் நாற்பதாம் முறை ‘கிடைத்தது’ என்கின்றனர். ‘கிடைக்கவில்லை’ என்பது ஒரு சுற்று சொல்லத்தக்க விடையன்று. முழு மடக்கும் முடிந்தபின் சொல்லத்தக்கது.

மடக்குக்கு அடுத்த வரியில் நிற்கும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. கணினி இவ்வரிக்கு எவ்வழியாக வந்தது? தேடியது கிடைத்து நடுவில் வெளியேறியதா? கிடைக்காமல் இறுதி வரை சென்று முடிந்ததா? இரு வழிகளும் ஒரே வாயிலில் வந்து சேர்வதால் வேறுபாடு தெரியாது. ஆகவே, ‘கிடைத்ததா’ என்னும் மாறி ஒன்றை வைத்துக்கொண்டு, தொடக்கத்தில் அதற்கு ‘இல்லை’ என்னும் மதிப்பைத் தந்து, நிறுத்துவதற்குச் சற்று முன் ‘ஆம்’ என்று மாற்றிவிடுவது பழைய வழக்கம். பைத்தான் மொழியில் மடக்குக்கே ‘எல்ஸ்’ என்னும் பகுதியைச் சேர்க்கலாம். நடுவில் நிறுத்தப்படாமல் மடக்கு இயல்பாக முடிந்தால் மட்டுமே அது நிறைவேறும். பெயர் பொருத்தமற்றது எனினும் பயனுடையது.

‘கன்டினியூ’ என்பது பிரேக்கின் உடன்பிறப்பு. அது மடக்கை நிறுத்துவதில்லை. நடப்புச் சுற்றை மட்டும் கைவிட்டு அடுத்த சுற்றுக்குச் செல்கிறது. பட்டியலில் வெற்றிடமாக உள்ள பதிவைத் தாண்டிச் செல்ல இது உதவும். ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழி இவ்விரண்டையும் ‘நிறுத்து’, ‘தொடர்’ என்றே வழங்குகிறது. ‘வரை’ வகை மடக்கில் ‘தொடர்’ எழுதுவோர் ஒன்றில் விழிப்பாக இருத்தல் வேண்டும். எண்ணியை ஒன்று கூட்டும் வரி அக்கூற்றுக்குக் கீழே இருந்தால், அது தாண்டப்பட்டுவிடும். எண்ணி அங்கேயே நிற்கும். அதே வெற்றிடப் பதிவையே கணினி முடிவில்லாமல் தாண்டிக்கொண்டிருக்கும்.

எந்த வட்டத்தை விட்டு வெளியேறுவது

ஒரு மடக்குக்குள் மற்றொன்று அமைவதும் உண்டு. நூலகத்தில் பத்து அடுக்குகள்; ஒவ்வோர் அடுக்கிலும் முப்பது நூல்கள். அடுக்குகளை வெளிமடக்கு சுற்றி வருகிறது. ஓர் அடுக்கின் நூல்களை உள்மடக்கு பார்க்கிறது. மூன்றாம் அடுக்கின் ஐந்தாம் இடத்தில் வேண்டிய நூல் கிடைத்துவிட்டது. உள்மடக்கில் ‘பிரேக்’ நிறைவேறுகிறது. தேடல் முடிந்ததா? இல்லை. அக்கூற்று தன்னைச் சூழ்ந்த மிக நெருங்கிய மடக்கை மட்டுமே உடைக்கும். கணினி மூன்றாம் அடுக்கை விட்டு நான்காம் அடுக்குக்குச் சென்று மீண்டும் தேடத் தொடங்கும். வெளிமடக்கையும் நிறுத்த வேண்டுமெனில் அதற்கெனத் தனியே சோதனை வேண்டும். அல்லது தேடல் முழுவதையும் ஒரு செயற்கூறாக எழுதி, நூல் கிடைத்ததும் விடையோடு அதிலிருந்து திரும்பிவிட வேண்டும். இரண்டாம் வழியே தெளிவானது.

நிறுத்தம் எதனை நிறுத்துகிறது என்பதைத் தவறாகக் கருதியதன் விளைவை அமெரிக்கா 1990ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் கண்டது. ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் நெடுந்தொலைவுத் தொலைபேசி வலையமைப்பில் 114 கணினி இணைப்பகங்கள் இருந்தன. அவற்றின் நிரல் அதற்கு முந்தைய மாதம் புதுப்பிக்கப்பட்டிருந்தது. நியூயார்க்கில் இருந்த ஓர் இணைப்பகத்தில் சிறிய கோளாறு நேர்ந்தது. அது வழக்கம்போலச் சில நொடிகள் தன்னை நிறுத்திச் சீர்செய்துகொண்டு, மீண்டும் பணிக்கு வந்தது. அண்டை இணைப்பகங்களுக்குச் செய்திகள் சென்றன. முதற்செய்தியை அவை பதிவுசெய்துகொண்டிருக்கும்போதே அடுத்த செய்தியும் வந்து சேர்ந்தது. அந்நிலையைக் கையாளவேண்டிய பகுதியில்தான் பிழை இருந்தது.

நிரல் ‘சி’ மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியில் ‘பிரேக்’ கூற்று மடக்கையும் உடைக்கும், ‘ஸ்விட்ச்’ என்னும் தெரிவுக் கூற்றையும் உடைக்கும். ஆனால், ‘இஃப்’ என்னும் நிபந்தனைக் கூற்றை உடைப்பதில்லை. நிபந்தனைக் கூற்றுக்குள் எழுதப்பட்டிருந்த ஒரு பிரேக், அதனைச் சூழ்ந்த தெரிவுக் கூற்று முழுவதையும் விட்டு வெளியேறிவிட்டது. செய்யவேண்டிய வரிகள் தாண்டப்பட்டன, தரவுகள் சிதைந்தன. சிதைவைக் கண்ட இணைப்பகம் தன்னைத்தானே நிறுத்திச் சீர்செய்துகொண்டு திரும்பியது. அதன் செய்திகள் அடுத்த இணைப்பகங்களை அதே நிலைக்குத் தள்ளின. வீழ்வதும் எழுவதும், எழுந்ததைக் கேட்டு மற்றவை வீழ்வதுமாக வலையமைப்பே ஒரு முடிவிலா மடக்காக மாறிவிட்டது. ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் கோடிக்கணக்கான அழைப்புகள் சென்று சேரவில்லை. இடம் மாறி நின்றது ஒரே ஒரு சொல்.

366ஆம் நாள்

இனி இசைக்கருவிக்கு வருவோம். கருவியின் கடிகாரம், 1980ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாளை ஒன்று எனக் கொண்டு நாள்களை எண்ணிவந்தது. அவ்வெண்ணிலிருந்து நடப்பு ஆண்டைக் கண்டறிவது மடக்கின் வேலை. அதன் அமைப்பைத் தமிழில் இவ்வாறு எழுதலாம்:

ஆண்டு = 1980
நாள் > 365 ஆக இருக்கும் வரை:
  ஆண்டு லீப் ஆண்டு எனில்:
    நாள் > 366 எனில்:
      நாள் = நாள் − 366
      ஆண்டு = ஆண்டு + 1
  இல்லையெனில்:
    நாள் = நாள் − 365
    ஆண்டு = ஆண்டு + 1

எண்ணம் எளியது. மொத்த நாள்களிலிருந்து ஒவ்வோர் ஆண்டின் நாள்களாகக் கழித்துக்கொண்டே வந்தால், இறுதியில் எஞ்சுவது நடப்பு ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாகும். எழுதியவர் லீப் ஆண்டை மறந்துவிடவும் இல்லை. அதற்கெனத் தனிக்கிளையே அமைத்துள்ளார்.

2008 டிசம்பர் 31 என்பது இக்கணக்கில் 10,593ஆம் நாள். 1980 முதல் 2007 வரையான 28 ஆண்டுகளில் 7 லீப் ஆண்டுகள். ஆக 10,227 நாள்கள். மடக்கு 28 சுற்றுகளில் அவற்றைச் சரியாகக் கழித்துவிடுகிறது. இப்போது ஆண்டு 2008, நாள் 366. சுற்றின் வாயிலில் கேள்வி: 366 என்பது 365ஐவிட மிகுதியா? ஆம்; உள்ளே செல்க. 2008 லீப் ஆண்டா? ஆம். நாள் 366ஐவிட மிகுதியா? இல்லை. அந்த ‘இல்லை’க்கு என்ன செய்வது என்று எழுதப்படவில்லை. ஒன்றும் செய்யாமல் சுற்று முடிகிறது. மீண்டும் வாயில்; 366 மிகுதியா? ஆம். உள்ளே சென்று, ஒன்றும் செய்யாமல், வெளியே வந்து, மறுபடியும் உள்ளே. நாளும் மாறவில்லை, ஆண்டும் மாறவில்லை. நொடிக்குப் பல்லாயிரம் முறை கருவி அதே கேள்வியைக் கேட்டு அதே விடையைப் பெற்றுக்கொண்டிருந்தது. முதற்படத்தைத் தாண்டிச் செல்ல அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

முதல்நாளான டிசம்பர் 30ஐச் சோதித்தால் எஞ்சுவது 365. வாயிலிலேயே மடக்கு நின்றுவிடும். மறுநாளான ஜனவரி 1ஐச் சோதித்தால் எஞ்சுவது 367, அது 366ஐவிட மிகுதி, கழித்தால் 1, ஆண்டு 2009. இரண்டும் சரியான விடைகள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஒரே ஒரு நாளில் மட்டும் இப்பிழை கண்விழிக்கிறது. கருவி கடைக்கு வந்தபின் எதிர்கொண்ட முதல் லீப் ஆண்டு 2008. மின்கலம் தீரும்வரை விட்டுவிடச் சொன்னதன் காரணமும் இப்போது விளங்கும். உள்ளிருந்து நிற்க இயலாத மடக்கை வெளியிலிருந்து நிறுத்த, மின்சாரத்தை இழக்கச் செய்வதைத் தவிர வழியில்லை. மறுநாள் மின்னேற்றியபோது எண் 367 ஆகிவிட்டிருந்தது.

திருத்தம் மிகச் சிறியது. ‘நாள் > 366 எனில்’ என்பதற்கு ஓர் ‘இல்லையெனில்’ சேர்த்து, அதன்கீழ் ‘நிறுத்து’ என்று ஒரு சொல் எழுதினால் போதும். லீப் ஆண்டின் 366ஆம் நாள் என்பதே சரியான விடை. அவ்விடை கையில் இருக்கும்போதே மடக்கு அதனை விடையென்று அறியாமல் சுற்றியது. இந்நிரலை 365, 366, 367 ஆகிய மூன்று எண்களைக் கொடுத்து லீப் ஆண்டில் ஒருமுறை தாளில் ஓட்டிப் பார்த்திருந்தால் பிழை அங்கேயே சிக்கியிருக்கும். எல்லைக்கு ஒன்று முன், எல்லை, எல்லைக்கு ஒன்று பின் என்னும் இம்மூன்று சோதனைகளை எம்மடக்குக்கும் செய்யலாம். செலவு சில நிமிடங்களே.

நிற்கும் என்பதற்கு உறுதி

சோதனை நம்பிக்கை தரும், உறுதி தராது. ஒரு மடக்கு நிச்சயம் நிற்கும் என்று எவ்வாறு காட்டுவது? கி.மு. 300ஐ ஒட்டிய காலத்தில் யூக்ளிட் எழுதிவைத்த முறையில் இதற்கு நல்ல விடை உள்ளது. இரு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் காணும் அம்முறையை இன்றைய வடிவில் பார்க்கலாம். 252, 105 ஆகியவற்றை எடுத்துக்கொண்டால், பெரியதைச் சிறியதால் வகுக்க மீதி 42. 105ஐ 42ஆல் வகுக்க மீதி 21. 42ஐ 21ஆல் வகுக்க மீதி 0. மீதி பூச்சியமானதும் நிறுத்துக, விடை 21. ஒவ்வொரு சுற்றிலும் மீதி முந்தைய மீதியைவிடக் கண்டிப்பாகக் குறைகிறது. அது எதிர்ம எண்ணாகவும் ஆகாது. குறைந்துகொண்டே வரும் முழு எண் பூச்சியத்தைத் தாண்டிக் குறைய இயலாதாகையால், மடக்கு நின்றே தீர வேண்டும். எந்த இரு எண்களைக் கொடுத்தாலும் இவ்வாதம் செல்லும்.

இவ்வாதத்தை இசைக்கருவியின் மடக்கோடு ஒப்பிட்டால் குறை எங்கே என்பது பளிச்சிடும். அங்கே ‘நாள்’ ஒவ்வொரு சுற்றிலும் குறைந்திருக்க வேண்டும். மூன்று வழிகளுள் இரண்டில் குறைந்தது; எழுதப்படாத மூன்றாம் வழியில் குறையவில்லை. ‘எந்தக் கிளையில் சென்றாலும் நிறுத்தத்தை நோக்கி ஏதேனும் ஒன்று நகர்கிறதா?’ என்னும் வினாவை ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியே கேட்பது நிரலரின் வேலை.

இவ்வேலையை ஒரு நிரலிடமே ஒப்படைத்துவிட முடியாதா? எந்த நிரலைக் கொடுத்தாலும் படித்துப் பார்த்து, ‘இது நிற்கும்’ அல்லது ‘இது நிற்காது’ என்று தவறாமல் கூறும் பொதுமுறை இருக்கவே இயலாது என்பது, 1936ஆம் ஆண்டு ஆலன் டூரிங் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலிருந்து பெறப்படும் முடிவு. குறிப்பிட்ட பல நிரல்களுக்குக் கூறலாம். யூக்ளிடின் முறைக்குக் கூறியதுபோல. எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் ஒரே முறைதான் இல்லை. நடைமுறையில் நிரலர்கள், ‘பத்தாயிரம் சுற்றுகளுக்குமேல் போனால் நிறுத்திவிடு’ என ஒரு மேல்வரம்பை எழுதிவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிற்குமா நிற்காதா என்று கணித அறிஞர்களாலும் இன்றுவரை முடிவுசெய்ய இயலாத ஒரு மடக்கை எழுத ஐந்து வரிகள் போதும். ஒரு நேர்ம முழு எண்ணை எடுத்துக்கொள்க. அது இரட்டைப்படை எனில் பாதியாக்குக. ஒற்றைப்படை எனில் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுக. 1 கிடைத்ததும் நிறுத்துக. ஜெர்மானியக் கணித அறிஞர் லோதர் கொலாட்ஸின் பெயரால் வழங்கும் கணக்கு இது. 6இல் தொடங்கினால் 3, 10, 5, 16, 8, 4, 2, 1 என எட்டுச் சுற்றுகளில் முடிகிறது. 27இல் தொடங்கினால் எண் ஏறியிறங்கி, ஒரு கட்டத்தில் 9,232 வரை உயர்ந்து, 111 சுற்றுகளுக்குப் பின் 1ஐ அடைகிறது. கணினி கொண்டு சோதித்த எண்கள் அனைத்தும் 1ஐ அடைந்துள்ளன. எந்த எண்ணைக் கொடுத்தாலும் இம்மடக்கு நிற்கும் என்பதற்கான நிறுவல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.